பிகாம் சீட்டுக்கு கன்சல்டன்சி போகலாமா? 3,000 ரூபா கட்டி தெரிஞ்சுக்கிட்டது

தம்பி ப்ளஸ் டூ காமர்ஸ்ல 600க்கு 551. "ஃபைனான்ஸ் லைன் தான்க்கா"ன்னு உறுதியா சொல்றான், அதுல என்னடா பண்ணப்போறேன்னு கேட்டா முழிக்கறான். அப்பா யார்கிட்டயோ விசாரிச்சுட்டு வந்து ஒரு அட்மிஷன் கன்சல்டன்சி பேர் சொன்னாரு, சென்னைல தான், பேர் வேணாம். 3,000 ரூபா கட்டிட்டு ஒரு சனிக்கிழமை அவனையும் கூட்டிட்டுப் போனேன்.

ஏசி, சோபா, வரவேற்பு எல்லாம் குறையே இல்ல. மொதல்ல டேப்ல 40 கேள்வி டெஸ்ட், முடிச்சதும் "தம்பி அனலிட்டிகல் மைண்ட்"னு ரிசல்ட். எங்களுக்கு முன்னாடி உள்ள போயிட்டு வந்த பையனுக்கும் அதே தான்னு அவங்கம்மா சொன்னாங்க, சரி ஊர்ல எல்லாருமே அனலிட்டிகல் போல. அப்புறம் கவுன்சலர் ஒரு லேமினேட் பண்ண ஷீட்டை எடுத்து வெச்சாரு. 11 காலேஜ், மேல இருக்கற மூணுக்கு மட்டும் மஞ்சள் ஹைலைட்டர், மூணுமே ப்ரைவேட் யுனிவர்சிட்டி. லயோலா, எம்சிசி (மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்), விவேகானந்தான்னு சென்னைல பேர் போன பழைய காலேஜ் எதுவுமே ஷீட்ல கிடையாது, ஏன்னு கேட்டா "அதெல்லாம் பழைய சிலபஸ் மேடம்"னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாரு. கமிஷன் வராத காலேஜ்னு நானே புரிஞ்சுக்கிட்டேன்.

அவர் தள்ளினது ஏசிசிஏ (பிரிட்டன்ல இருக்கற அமைப்பு குடுக்கற அக்கவுண்டன்சி கோர்ஸ்) சேத்த பிகாம், வருஷம் மூணே கால் லட்சம். "13 பேப்பர்ல 9க்கு எக்ஸம்ப்ஷன் மேடம், மீதி 4 தான்"னாரு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எக்ஸம்ப்ஷனுக்கும், அதாவது எழுதாம விலக்கு வாங்கறதுக்கும், பேப்பர் பேப்பரா பவுண்டுல காசு கட்டணும், அது அந்த மூணே கால்ல சேருமா சேராதான்னு கேட்டதுக்கு பதிலே இல்ல. அதை விட பெரிய விஷயம், நம்ம நாட்டுல கம்பெனி ஆடிட் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடற உரிமை சிஏவுக்கு மட்டும் தான், ஏசிசிஏ வெச்சுக்கிட்டு போட முடியாது. வெளிநாட்டுக் கம்பெனிகளோட கணக்கு பாக்கற வேலைக்கு ஏசிசிஏ நல்ல கோர்ஸ் தான், குறை சொல்லல. ஆனா பையன் ஆடிட் பக்கம் போவானா, ஃபண்ட் பக்கமா, பேங்க் கிரெடிட்டான்னு ஒரு கேள்வி கூட கேக்காம அதை எப்படி தலைல கட்டறீங்க?

நான் இதை இவ்ளோ அழுத்தி கேக்கறதுக்கு காரணம் இருக்கு. ஓஎம்ஆர்ல ஒரு வெளிநாட்டு பேங்கோட பேக் ஆபீஸ்ல கேஒய்சி (கஸ்டமர் யாருன்னு டாக்குமெண்ட் வெச்சு சரிபாக்கறது) பாக்கறேன், அம்மா சொந்தக்காரங்ககிட்ட "பேங்க்ல வேலை"ம்பாங்க, ஆறு வருஷத்துல நான் ஒரு கஸ்டமர் மூஞ்சி பாத்ததில்ல. எங்க டீம்ல பேர் போன காலேஜ்ல படிச்சவளும் இருக்கா, திருவண்ணாமலை பக்கம் கவர்மெண்ட் ஆர்ட்ஸ் காலேஜ்ல படிச்சவனும் இருக்கான், ரெண்டு பேருக்கும் ஒரே கிரேடு, ஒரே நைட் ஷிஃப்ட். கவுன்சலர் காட்டின யுனிவர்சிட்டி ப்ரோஷர்ல "குளோபல் பேங்க்ஸ்"னு வரிசையா லோகோ போட்டிருந்தது பாதிக்கு மேல இந்த மாதிரி பேக் ஆபீஸ் வேலை தான், எந்த ரோலுக்கு எடுத்தாங்கன்னு ஒரு இடத்துலயும் போடல.

ப்ரோஷர்ல ஹையஸ்ட் பேக்கேஜ் 14 லட்சம்னு கொட்டை எழுத்துல இருந்துது. என்ஐஆர்எஃப்ங்கற மத்திய அரசு ரேங்கிங்ல கலந்துக்கற காலேஜெல்லாம் எத்தனை பேருக்கு வேலை கிடைச்சுது, மீடியன் சம்பளம் (வரிசைப்படுத்தினா நடுவுல வர்றவரோட சம்பளம்) எவ்ளோன்னு டேட்டா குடுக்கணும், அது பிடிஎஃப்பா யார் வேணா பாக்கலாம். அங்கயே உக்காந்து போன்ல தொறந்தேன். அந்த யுனிவர்சிட்டியோட மீடியன் மூணு லட்சத்து சொச்சம். கவுன்சலர் போனை வாங்கி பாத்துட்டு, "இது எல்லா டிகிரியும் சேத்து மேடம்"னு சொன்னாரு. அது நியாயமான பாயிண்ட் தான், ஒத்துக்கறேன். அப்ப பிகாமுக்கு மட்டும் தனியா குடுங்கன்னேன், வாட்ஸப் பண்றேன்னாரு. கிளம்பும்போது "கடைசி 3 சீட்டு தான் இருக்கு, இன்னிக்கே 25,000 கட்டி பிளாக் பண்ணிடுங்க"ன்னும் சொன்னாரு.

கட்டல. அடுத்த வாரம் நானும் தம்பியும் நேரா காலேஜ் காலேஜா ஏறி இறங்கினோம், அதுல தெரிஞ்சது அந்த ஏசி ரூம்ல யாருமே சொல்லாதது. நிறைய காலேஜ்ல ஒரே பேர்ல ரெண்டு பிகாம் ஓடுது, காலைல ஷிஃப்ட் 1 எய்டட் (அரசு உதவில ஓடறது), மதியம் ஷிஃப்ட் 2 செல்ஃப் ஃபைனான்ஸ், பீஸ்ல மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். அதை விட முக்கியம் டைமிங். பிகாமோட சேத்து சிஏ படிக்கணும்னா, மொதல் கட்ட எக்ஸாமான ஃபவுண்டேஷன் 2024லருந்து வருஷத்துக்கு மூணு தடவை நடக்குது, அடுத்த கட்டமான இண்டர்ல ரெண்டு குரூப்பும் முடிச்சா ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டர்கிட்ட ட்ரெய்னிங்), முன்ன 3 வருஷம் இருந்தது இப்ப 2 வருஷம். மதியம் ஒண்ணரைக்கு காலேஜ் விட்டா நேரா கோச்சிங் போகலாம், அப்படி இல்லாம சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் காலேஜ்லயே கிளாஸ், அதுக்கு மேல பஸ்ல ரெண்டு மணி நேரம்னு இருந்தா பையன் எப்ப படிப்பான்? அந்த மூணு யுனிவர்சிட்டியுமே ஊருக்கு வெளில, ஃபுல் டே, 75 பர்செண்ட் அட்டெண்டன்ஸ் இல்லன்னா எக்ஸாம் எழுத விடமாட்டாங்க.

சிஏ வேணாம், மார்க்கெட், ரிஸ்க் பக்கம் தான் போகணும்னா கணக்கு வேற. அவங்களுக்கு யுஜில மேத்ஸ், ஸ்டாட்ஸ், எகனாமிக்ஸ் நல்லா இருக்கணும், அப்புறம் கோட்டூர்புரத்துல இருக்கற மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்ல ஃபைனான்ஷியல் எகனாமிக்ஸ் எம்ஏ மாதிரி போகலாம். சிஎஃப்ஏங்கற இன்வெஸ்ட்மெண்ட் துறை எக்ஸாமோட லெவல் 1 காலேஜ்ல இருக்கும்போதே எழுதலாம், ஆனா பீஸ் டாலர்ல, வீட்ல பேசிட்டு இறங்குங்க.

தம்பிக்கு ரெண்டாவது லிஸ்ட்ல எய்டட் ஷிஃப்ட் 1 கிடைச்சுது, ஜனவரில ஃபவுண்டேஷன் எழுதறான். கன்சல்டன்சிக்கு 5க்கு 1 ஸ்டார், அந்த 1 கூட வாசல்ல இருந்த செக்யூரிட்டி அண்ணனுக்கு, எந்த பஸ் எங்க போகும்னு அவர் தான் உருப்படியா சொன்னாரு. கேட்ட பிகாம் டேட்டா இன்னும் வரல. வாட்ஸப் மட்டும் விடாம வருது, இன்னிக்கு காலைல வந்ததுலயும் கடைசி 3 சீட்டு தான் இருக்காம்.