சங்ககிரிக் கோட்டைக்குப் பஸ்ஸில் போனோம்

மெல்போர்னிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்திருந்தேன், இந்த மார்கழியில் மகனைச் சங்ககிரி மலைக்கோட்டைக்கு அழைத்துப்போவது என்று. தீரன் சின்னமலையைப் பற்றி என் வாயால் கேட்டது போதும், அந்தக் கல்லை அவனே தொட்டுப் பார்க்கட்டும் என்று ஆசை.

முதல் நாளே பணம் கட்டிச் சொல்லிவைத்த வாடகைக் கார் காலை ஆறு மணிக்கு வரவில்லை. ஆறரைக்கு டிரைவர் போனை எடுக்கவில்லை. ஏழு மணிக்குப் பதிவு ரத்து என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. பணம் இன்னும் திரும்பவில்லை. மலை ஏறுகிறவனுக்கு வெயிலுக்கு முந்திய அந்த ஒரு மணி நேரம்தான் எல்லாம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பஸ்ஸில் போனால் என்ன கண்ணு?" என்று அம்மாதான் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். ஈரோடு வரைக்கும் டவுன் பஸ்; 2021 முதல் அதில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மார்க்கெட்டுக்குப் போகிற பெண்கள் கூடையும் பையுமாக நிறைந்திருந்தார்கள்.

ஈரோட்டில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு சேலம் பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் எங்கே போகிறோம் என்று கேட்டார். "இது பைபாஸ் வண்டி, ஊருக்குள் போகாது" என்று இறக்கி, பின்னால் நின்ற பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அந்தக் கண்டக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். யாரும் கேட்காமலே செய்த உதவி இது.

மலையடிவாரத்தில் மோர் விற்ற ஒரு பாட்டி எங்கள் கையைப் பார்த்தார். "ரெண்டு பாட்டில் எந்த மூலைக்கு சாமி?" என்று தம் குடத்திலிருந்தே இன்னும் இரண்டு நிரப்பிக் கொடுத்தார். மோருக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். அந்தத் தண்ணீர்தான் எங்களை உச்சி வரை கொண்டுசேர்த்தது.

வாசலுக்கு மேல் வாசலாக ஏறுகிறது கோட்டை. விஜயநகரக் காலத்துக் கோட்டை. பிறகு மைசூர்க்காரர்களிடம் இருந்து, 1792 உடன்படிக்கையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. ஒரு வாசலில், கதவின் குடுமி, அதாவது அச்சுமுனை, சுழன்ற குழியைக் காட்டினேன். மகன் விரலை விட்டுப் பார்த்தான். உள்ளே கிண்ணம்போல் வழவழவென்று தேய்ந்திருந்தது. "எத்தனை தடவை திறந்து மூடியிருப்பார்கள் அப்பா?" என்றான்.

நிழலில் உட்கார்ந்து கதையைச் சொன்னேன். மைசூருக்குப் போன வரிப்பணத்தைப் பறித்துக்கொண்டு, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பறித்ததாகப் போய்ச் சொல் என்றாராம், தீர்த்தகிரி என்ற இயற்பெயர் கொண்ட சின்னமலை. அதே மனிதர் பிறகு மைசூரை ஆண்ட திப்புவின் பக்கம் நின்று வெள்ளையரோடு போரிட்டார். 1805 ஜூலை 31, ஆடிப் பதினெட்டு. காவிரிக் கரையெங்கும் முளைப்பாலிகை விடுகிற நாளில் அவரையும் தம்பிகளையும் இந்தக் கோட்டையில் தூக்கிலிட்டார்கள். முந்திய வாரம் ஓடாநிலையில் உள்ள சின்னமலை மணிமண்டபத்தில் துள்ளிக்கொண்டிருந்த பையன், இங்கே வாய் திறக்கவில்லை. வெகுநேரம் கீழே நெடுஞ்சாலையில் ஊர்ந்த லாரிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இறங்கும்போது பாட்டி கடையைக் கட்டிக்கொண்டிருந்தார். "உச்சி வரைக்கும் போனாயா சாமி?" என்று அவனைத்தான் கேட்டார். அடுத்த பயணத்துக்கு விமான டிக்கெட்டை ஆடிப் பதினெட்டையொட்டிப் போடச் சொல்கிறான். பள்ளி விடுமுறை ஒத்துவராது. ஒரு வாரம் லீவு கேட்டு நானே எழுதிக் கொடுக்கப் போகிறேன்.