பெங்களூரில் கோல்ஃப் ஆட ஃபேர்வே வுட் வாங்கப் போகிறீர்களா? என் 32,000 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன்: 32,000 ரூபாய். கிளப்புக்கு, அதாவது கோல்ஃப் மட்டைக்கு, 28,000, நம் ஆட்டத்துக்குப் பொருத்தமானதைப் பார்த்துக் கொடுக்கும் ‘ஃபிட்டிங்’ கட்டணம் 4,000. கிளப் வாங்கினால் அந்த நாலாயிரத்தைக் கழித்துக்கொள்வோம் என்று வாயால் சொன்னார்கள், கழிக்கவில்லை. இப்போது என் கையில் இருப்பது, சீரியல் நம்பரை உரசி அழித்த, எங்கிருந்து வந்தது என்றே தெரியாத ஒரு கிளப்.

ஃபேர்வே என்கிற புல்வெளியிலிருந்து தூரமாக அடிக்கும் கிளப்தான் ஃபேர்வே வுட். அவரவர் ஆட்டத்துக்கு ஏற்றதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று நிதானமாக எழுதத்தான் நினைத்திருந்தேன். இன்றைக்கு நிதானம் இல்லை. கடைசியில் நாலு வரி சொல்கிறேன், அதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

கடையின் பெயரைப் போடவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன், அதுவரை பெயர் வேண்டாம் என்று வக்கீல் நண்பர் சொல்லிவிட்டார். மாடியில் இருக்கும் ஷோரூம். புதுசும் விற்பார்கள், பழசும் விற்பார்கள், உள்ளே ஒரு சிமுலேட்டர் அறை. ஏசி, காபி, எல்லாம் உண்டு.

என் பையில், முதல் அடிக்கு எடுக்கும் நீளமான கிளப்பான டிரைவருக்கு அடுத்து நேராக, 22 டிகிரி ஹைப்ரிட்தான் (வுட்டுக்கும் இரும்பு கிளப்புக்கும் நடுவில் ஒரு வகை). டிகிரி என்பது லோஃப்ட், கிளப் முகத்தின் சாய்வு; அது கூடினால் பந்து உயரமாக எழும்பும். டிரைவர் நன்றாகப் பட்டால் 200 யார்டு, ஹைப்ரிட் 160. நடுவில் நாற்பது யார்டுக்கு ஒன்றுமே இல்லை. பார் 5-இல், அதாவது ஐந்து அடியில் முடிக்கவேண்டிய நீளமான குழியில், இரண்டாவது ஷாட்டுக்கு வந்து நின்றால் எதை எடுப்பதென்று தெரியாது. என் டிரைவர் ஸ்விங் மணிக்கு 85 மைல் சொச்சம். இந்த வேகத்தில் 15 டிகிரி 3-வுட்டைப் புல்லில் வைத்து அடித்தால் பந்து போதுமான உயரம் ஏறாது, தாழ்வாகப் போய் விழும். 18 டிகிரி 5-வுட் என்றால் எழும்பும், பல நேரம் 3-வுட் போகிற தூரமே போகும். 21 டிகிரி 7-வுட் எடுத்தால் அது என் ஹைப்ரிட்டோடு மோதும். எனவே 18 டிகிரி, ரெகுலர் ஷாஃப்ட் (அதிக விறைப்பில்லாத தண்டு). நான் கேட்டது இவ்வளவுதான்.

கடையில் இருந்த அந்த ஆள் முதலில் கன்னடத்தில்தான் பேசினான். நான் போனில் வீட்டுக்காரியிடம் பேசியது காதில் விழுந்ததும் முகமே மாறிவிட்டது. “தமிழா அண்ணா? சொல்லியிருக்கலாமே!” என்றான். அவன் அப்பா கேஜிஎஃப் மைன்ஸில் வேலை பார்த்தாராம், 2001-இல் சுரங்கத்தை மூடியதும் குடும்பம் பெங்களூருக்கு வந்துவிட்டதாம். என் மாமனார் வீடும் அதே கேஜிஎஃப்பில், ராபர்ட்சன்பேட்டை. சொன்னேன். அப்புறம் என்ன, அந்தத் தெரு, இந்த பேக்கரி என்று பத்து நிமிஷம் ஊர்க்கதை. “நமக்குள்ள என்ன அண்ணா, உங்களுக்குத் தப்பா ஒண்ணு குடுப்பேனா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அந்த வார்த்தைக்குத்தான் 32,000 கொடுத்தேன். அவன் உண்மையிலேயே கேஜிஎஃப்தானா என்று இப்போது அதுவும் சந்தேகமாக இருக்கிறது.

சிமுலேட்டரில் டெமோ கிளப் ஒன்றைக் கொடுத்தான். அடித்தேன், அருமையாக இருந்தது. திரையில் 205, 208 என்று வந்தது. எனக்கே ஆச்சரியம். பிறகுதான் விஷயம் புரிந்தவர் ஒருவர் விளக்கினார்: அது பந்து காற்றில் போன தூரம் இல்லை, விழுந்து உருண்டதும் சேர்த்து வந்த மொத்தம். தரையைக் கெட்டி என்று செட்டிங்கில் வைத்தால் உருளுவது கூடும். கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் பல கருவிகளில் நாமே போடலாம். பெங்களூர் 900 மீட்டருக்கு மேலே இருப்பதால் சென்னையைவிட இங்கே பந்து சற்றுக் கூடப் போவது உண்மைதான், ஆனால் திரையில் எந்த ஊரை வைத்திருந்தான் என்று யாருக்குத் தெரியும்? ஜூலை மழையில் ஃபேர்வேயில் அடித்துப் பாருங்கள், பந்து விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். போதாததற்கு சிமுலேட்டர் அறையில் பந்தை வைத்து அடிப்பது செயற்கைப் புல் மேட்டில். பந்துக்கு முன்னால் தரையில் பட்டாலும் கிளப் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும். புல்லில் அது நடக்காது.

டெமோவைக் கேட்டேன், தரவில்லை. “அது அடிபட்டது அண்ணா, உங்களுக்கு டெல்லி கோடவுன்லேர்ந்து சீல் பிரிக்காத பீஸ் வரும்.” முழுப் பணமும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டான். பில்லில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? “கோல்ஃப் ஸ்டிக் - 1”. மாடல் இல்லை, லோஃப்ட் இல்லை, சீரியல் நம்பர் இல்லை.

கிளப் வந்தது. பிளாஸ்டிக் உறை, ஹெட் கவர், எல்லாம் பளபள. கோர்ஸில் எடுத்துப்போய் அடித்தால் எல்லாமே தாழ்வாக வலது பக்கம் மரத்துக்குள் போகிறது. கொஞ்ச நேரம் பார்த்த கேடி (பை தூக்கிக்கொண்டு கூட வருபவர்) அண்ணன், தமிழ்க்காரர்தான், கிளப்பை வாங்கித் திருப்பிப் பார்த்தார். “சார், இந்தக் கருப்பு ரிங்கைப் பாருங்க. தலையோட ஒட்டி உக்காரல, பசை வெளிய வந்திருக்கு. யாரோ ஷாஃப்ட் மாத்தியிருக்காங்க. கம்பெனி வேலை இப்படி இருக்காது.” நகத்தால் சுரண்டினார், காய்ந்த பசை துணுக்காக உதிர்ந்தது.

கிளப் ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். ஷாஃப்ட்டில் ‘ஆர்’, அதாவது ரெகுலர், என்று போட்ட ஸ்டிக்கரை ஹேர் டிரையரில் சூடு காட்டி உரித்தார். அடியில் பெயின்ட்டிலேயே ‘எஸ்’. அதாவது ஸ்டிஃப். என் வேகத்துக்கு அது விறைப்பு, பந்து தாழ்வாகவும் வலதுபக்கமும் போனதில் அதற்கும் பங்கு உண்டு என்றார். தலையைக் கோணம் அளக்கும் கேஜில் வைத்து லோஃப்ட்டை அளந்தார்: 18 என்று எழுதியிருக்கிறது, அளவு பதினைந்தரை. கம்பெனி கிளப்பிலும் ஒரு டிகிரி முன்னே பின்னே வருவது சகஜம், இரண்டரை டிகிரி வராது. ஷாஃப்ட் நுழையும் ஹோசலில் சீரியல் நம்பர் இருக்கவேண்டிய இடம் உரசி, மேலே கருப்பு அடித்திருந்தது. “டூப்ளிகேட்டா இருக்கலாம், திருட்டு மாலா இருக்கலாம், எனக்கு வேணாம் சாமி” என்று கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்றைக்கே கடைக்குப் போன் செய்தேன். ஓனர் துபாயில். அடுத்த தடவை, டெல்லிக்கு மெயில் போட்டிருக்கிறோம். அதற்கடுத்து, “உங்க ஸ்விங்தான் காரணம் சார், நம்ம கிட்டயே ஒரு லெசன் பேக்கேஜ் இருக்கு” என்றான். கவனித்தீர்களா, ‘அண்ணா’ போய் ‘சார்’ வந்துவிட்டது. நேரில் போனபோது தமிழே போய்விட்டது, எல்லாம் இங்கிலீஷ். பசை, ஸ்டிக்கர், ஹோசல் எல்லாவற்றையும் காட்டினேன். நானே வெளியில் கொடுத்து ஷாஃப்ட் மாற்றியிருப்பேனாம்! ஒருமுறை அடித்துவிட்டால் அது செகண்ட் ஹேண்டாம், வேண்டுமானால் 9,000-க்குத் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். 32,000 கொடுத்தவனிடம் 9,000 பேரம். வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் விழுகிறது, பதில் கிடையாது. சுவரில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று ஒரு போர்டு, அதைக் கைகாட்டிவிட்டு அடுத்த ஆளுக்குக் காபி கொடுக்கப் போய்விட்டான்.

போர்டு கிடக்கட்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் காலக்கெடு எதுவும் போடாத பட்சத்தில், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்துவிட்டேன். அதில் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணமும் கிடையாது.

சரி, சொன்ன நாலு வரி. எந்தக் கிளப்பை அடித்துப் பார்த்தீர்களோ அதையே வாங்குங்கள், ‘கோடவுன் பீஸ்’ வேண்டாம். திரையில் மொத்த தூரத்தை விட்டுவிட்டு காற்றில் போன தூரத்தை மட்டும் கேளுங்கள், முடிந்தால் புல்லில் அடித்துப் பாருங்கள். 3-வுட்டைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வேகம் குறைவென்றால் 5 அல்லது 7 போதும். ‘ஆர்’, ‘எஸ்’ எழுத்து கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும், அதை நம்பி மட்டும் வாங்காதீர்கள். பில்லில் மாடல், லோஃப்ட், சீரியல் நம்பர் மூன்றும் இல்லாமல் பணத்தை எடுக்காதீர்கள். இன்னும் எழுத நிறைய இருக்கிறது, இப்போது மனசில்லை.

பழைய கிளப்போடு சிமுலேட்டரும் வைத்திருக்கும் மாடிக்கடை எதற்காவது முன்பணம் கட்டப் போகிறீர்கள் என்றால், அதற்குமுன் எனக்குத் தனியாக ஒரு மெசேஜ் போடுங்கள். அதே கடைதானா என்று சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே அங்கே ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.