கோழிக் குஞ்சுகளுக்குச் ‘சோலார் வெப்பம்’: பனிக்காலத்துக்கு முன் ஓர் எச்சரிக்கை

நீலகிரியில் மின்கம்பி எட்டாத சரிவுகளில் கோழிக் கொட்டகை வைத்திருப்பவர்கள், சோலாருக்கு முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள். “பனிக்காலத்திலும் விடியும்வரை நூறு வாட் பல்புகள் இரண்டு எரியும்” என்று உறுதி சொல்லி, கோவை விற்பனையாளர் ஒருவர் உதகைக்கு அருகே உள்ள எங்கள் கொட்டகையில் ஒரு தொகுப்பைப் பொருத்திவிட்டுப் போனார். 335 வாட் பேனல் ஒன்று, 12 வோல்ட் 150 ஆம்பியர்-அவர் பேட்டரி, இன்வெர்ட்டர், பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியான சார்ஜ் கண்ட்ரோலர்; அதன் மேல் ‘எம்பிபிடி’ (பேனலின் முழுத் திறனையும் எடுத்துத் தரும் வகை) என்று அச்சிட்டிருந்தது. எல்லாம் முழுப்பணம் வாங்கிக்கொண்டுதான்.

முதல் இரவு பல்புகள் நள்ளிரவு தாண்டி எரிந்தன. பிறகு ஒவ்வோர் இரவும் முன்னதாகவே அணையத் தொடங்கின. ஜனவரியில் உறைபனி இறங்கிய வாரத்தில் குஞ்சுகள் சூடு தேடி ஒன்றன் மேல் ஒன்று ஏறி, அடியில் சிக்கியவை மூச்சுத் திணறிச் செத்தன. பாதிக்கு மேல் போய்விட்டன. முதல் வாரக் குஞ்சுக்கு ஏறத்தாழ 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேண்டும். அதன் பிறகு வாரத்துக்கு ஐந்து டிகிரி வீதம் குறைக்கலாம். வெளியே தண்ணீர் உறையும் இரவில் விளக்கு அணைந்தால் அவை எங்கே போகும்?

விற்பனையாளரைக் கேட்டால் முதலில் மேகமூட்டம் என்றார். வானம் பளிச்சென்று இருந்த நாள்களைச் சொன்னதும், உங்களுக்குக் கோழி வளர்க்கத் தெரியவில்லை என்றார். அதற்குப் பிறகு தொலைபேசியை எடுப்பதே இல்லை.

குன்னூரிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் நண்பகல் வெயிலில், கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டரை வைத்துப் பார்த்ததும் குட்டு வெளிப்பட்டது. பேனலிலிருந்து வரும் கம்பியிலும் பேட்டரிக்குப் போகும் கம்பியிலும் ஒரே அளவு மின்னோட்டம், ஒன்பது ஆம்பியருக்குச் சற்றுக் கீழே. உண்மையான எம்பிபிடி என்றால், ஏறக்குறைய 37 வோல்ட்டில் வேலை செய்யும் அந்தப் பேனலின் மின்னழுத்தத்தைக் குறைத்து, பேட்டரிப் பக்கம் இரண்டு மடங்குக்கு மேல் மின்னோட்டம் தர வேண்டும். பெட்டிக்குள் இருந்தது மலிவான பிடபிள்யூஎம் கண்ட்ரோலர்; அது மின்னழுத்தத்தை மாற்றாமல் பேனலை நேரே பேட்டரியோடு இணைத்துவிடும் வகை. ஆக, 335 வாட் பேனலிலிருந்து எங்களுக்குக் கிடைத்தது 115 வாட் அளவுதான். மேலே ஒட்டிய பெயர் பொய். இதைத் தெரியாமல் நடந்த தவறு என்று நான் ஏற்க மாட்டேன். இதே தொழிலில் இருப்பவருக்கு அந்தப் பெட்டியைக் கையில் எடுத்தாலே தெரியும். உண்மையான எம்பிபிடி கனமாக இருக்கும்.

பேட்டரியிலும் கைவைத்திருந்தார். சோலார் பேட்டரி என்று பில் போட்டு, வீட்டு இன்வெர்ட்டருக்கான சி20 பேட்டரியை (இருபது மணி நேரத்தில் மெதுவாகக் காலியாகும் கணக்கில் கொள்ளளவு குறித்தது) கொடுத்திருக்கிறார். சோலாருக்கென்று விற்பவற்றில் சி10, அதாவது பத்து மணி நேரக் கணக்கு, என்ற குறியீடு இருக்கும்.

இவை எல்லாம் நேர்மையாகவே இருந்திருந்தாலும் அந்த வாக்குறுதி நிறைவேறியிருக்காது. இருநூறு வாட், பதின்மூன்று மணி நேரம்: ஓர் இரவுக்கு 2,600 வாட்-அவர். அந்தப் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 1,800. லெட்-ஆசிட் பேட்டரி நீடிக்க வேண்டுமென்றால் அதிலும் பாதியைத்தான் எடுக்கலாம். குளிரில் அதுவும் குறையும். இந்தக் கணக்கைப் போடாமலா ஒருவர் இத்தனை பண்ணைகளுக்கு விற்கிறார்?

சோலார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முட்டைக் கோழிகளுக்கு மாலையில் வெளிச்ச நேரத்தை நீட்டிக்க ஒன்பது வாட் எல்இடி நான்கு மணி நேரம் எரிந்தால் 36 வாட்-அவர்தான். சின்னப் பேனலே போதும். இறகு முளைத்த கோழிகளுக்கு இங்கே தனிச் சூடு தேவையில்லை. உலர்ந்த கூளமும், ஈரக்காற்று மேலே வெளியேற வழியும், நேரே அடிக்காத காற்றும் இருந்தால் தாங்கிக்கொள்ளும். குஞ்சுகளுக்கான சூட்டுக்கு மட்டும் நாங்கள் இப்போது கேஸ் புரூடருக்கு (கேஸில் எரியும் குஞ்சுச் சூடேற்றி) மாறியிருக்கிறோம், காற்றோட்டத்துக்கு மேலே இடம் விட்டு.

வாங்குபவர்கள், ஓர் இரவுக்கு எத்தனை வாட்-அவர் கிடைக்கும் என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பேனலின் பின்புறத் தகட்டையும் எல்லாப் பொருள்களின் வரிசை எண்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பொருத்திய அன்றே, பேட்டரி நிறைவதற்கு முன், கிளாம்ப் மீட்டரால் இரு பக்கமும் அளக்கச் சொல்லுங்கள்; மறுத்தால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. அந்த விற்பனையாளர் இப்போது கொடைக்கானல் மேல்மலைப் பண்ணைகளுக்கும் இதே தொகுப்பின் விலைப்பட்டியலை அனுப்பிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்படுகிறேன். மன்னவனூர், பூம்பாறை பக்கம் யாராவது ஏற்கெனவே வாங்கியிருந்தால், கண்ட்ரோலரை இந்த வாரமே அளந்து பாருங்கள், பில்லை எறிந்துவிடாதீர்கள்.