பள்ளியில் பிள்ளையார் சதுர்த்தி: கையா, அச்சா, வெள்ளைச் சிலையா?

ஆவணி பிறந்தாலே ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சு வந்துவிடும், பிள்ளைகளை வைத்து இந்த வருடம் என்ன செய்யலாம் என்று. மூன்று விதமும் என் வகுப்பில் செய்து பார்த்தாயிற்று.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்த குட்டிச் சிலைகளை மொத்தமாக வாங்கி, ஆளுக்கொன்று கொடுத்து வர்ணம் அடிக்கச் சொல்வதுதான் ஆசிரியருக்கு நிம்மதி. ஒரு பீரியடில் முடியும், போட்டோவும் பளிச்சென்று வரும். ஆனால் வீட்டு வாளியில் கரைக்கப் போட்டால் மறுநாளும் அப்படியே உட்கார்ந்திருப்பார். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2020 நெறிமுறையில் இதை வேண்டாம் என்றுவிட்டது.

அச்சு பரவாயில்லை. மண்ணை அடைத்துத் தட்டினால் முழுப் பிள்ளையார், பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். சிக்கல் என்னவென்றால் அச்சு இரண்டு, பிள்ளைகள் நாற்பது. வரிசையில் நிற்பதிலேயே பாதி நேரம் போய்விடும், எண்ணெய் தடவ மறந்தால் தும்பிக்கை அச்சோடு தங்கிவிடும்.

என் ஓட்டு கையால் பிடிப்பதற்குத்தான், மூன்றாம் வகுப்புக்கு மேலே என்றால். களிமண்ணில் கல் பொறுக்கி, சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் இறுக்கமாகப் பிசைந்து கொடுங்கள். போன வருடம் ஒருவன் தும்பிக்கையை உருட்டி ஒட்டுகிறான், விழுகிறது, மறுபடி ஒட்டுகிறான், நாலாவது தடவை அவனே ஈர்க்குச்சியால் இரண்டு பக்கமும் கீறி, குழைத்த மண்ணைத் தடவி அழுத்தினான், நின்றுவிட்டது. பிள்ளையார் என்னவோ குரங்கு மாதிரிதான் இருந்தார், பழமொழி சும்மாவா! நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் வைத்தால் வெடிக்கும். கண்ணுக்குக் குன்றிமணி மட்டும் வேண்டவே வேண்டாம், அது விஷம், சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுக்கொள்வார்கள். மிளகு போதும்.

எல்கேஜி, யூகேஜிக்கு இதெல்லாம் தாங்காது. மஞ்சள்தூளைத் தண்ணீர் விட்டுக் குழைத்துக் கூம்பாகப் பிடித்து, உச்சியில் அருகம்புல் செருகினால் முடிந்தது, நம் வீட்டில் எந்தப் பூஜைக்கும் முதலில் பிடிக்கிற அதே பிள்ளையார்தான். அன்றைக்கு வெள்ளைச் சீருடை வேண்டாம் என்று முதல் நாளே டைரியில் எழுதி அனுப்பிவிடுங்கள். வேறு மதத்துப் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் யானை செய்யச் சொல்லுங்கள், மண் ஒன்றுதானே. எங்கள் வகுப்பில் ஐந்து யானை வந்தது, அதில் ஒன்றுக்கு இரண்டு வால்.