தில்லை நகரில் ஒரு சின்ன இடி

ஊருக்குப் போன நான்காம் நாள் காலை, அப்பாவைக் கண் பரிசோதனைக்காகத் திருச்சி தில்லை நகருக்கு அழைத்துப் போயிருந்தேன். வேலை முடிந்து சாஸ்திரி ரோட்டுக்குத் திரும்பும் வழியில், குறுக்குத் தெருவில் வண்டிகள் தேங்கி நின்றன. நானும் நிறுத்திக் காத்திருந்தேன். இடப்பக்கம் சாய்வாக நின்றிருந்த பெரிய டீசல் வண்டி ஒன்று பின்னால் வர ஆரம்பித்தது. ஹாரன் அடித்தேன், நிற்கவில்லை. அதன் பின்பம்பரின் மூலை எங்கள் வேகன் ஆரின் இடது முன்கதவில், அப்பா உட்கார்ந்திருந்த பக்கத்தில் வந்து மோதியது.

அடி பெரிதில்லை. கதவில் ஒரு கை அகலப் பள்ளம், அவ்வளவுதான். அவருடைய வண்டியில் பம்பர் மூலை விரிந்து, பின்விளக்கு உடைந்திருந்தது. இறங்கி வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். "தம்பி, பார்த்து நிறுத்தக் கூடாதா?" என்றார். அப்பா, "பரவாயில்லைங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்று சமாதானம் சொன்னார். பின்னால் ஹாரன் சத்தம் கூடியது. போன் நம்பரைக் கொடுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

அன்று மாலை நான் அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினேன்: "சாரி சார், உங்க வண்டிக்கு ரொம்ப அடியா?" பதினான்கு வருடம் பிரிட்டனில் இருந்ததில் எதற்கும் சாரி சொல்வது பழகிவிட்டது. பிறகு எங்களுக்கு எதிராக வந்து நின்றது இந்த ஒரு வரிதான்.

ஒன்பதாம் நாள் அப்பாவுக்கு ஒரு போன் வந்தது. எதிராளியின் காப்பீட்டு நிறுவனத்துக்காக விசாரிப்பவர் பேசினார். "உங்கள் வண்டி பின்னாலிருந்து வந்து இடித்ததாக கிளைம் ஃபாரத்தில் எழுதியிருக்கிறார்கள். ஓட்டியவர் வெளிநாட்டில் இருப்பவர், தவறை ஒப்புக்கொண்டார் என்றும் இருக்கிறது. லைசென்ஸ் நகலும் ஆர்சி நகலும் வேண்டும்" என்றார். அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. போனை வைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நீ ஊருக்குப் போக முடியுமா, இல்ல கேஸ் ஆயிடுமா?" என்பதுதான். எனக்குக் கோபம் வந்தது அந்த நிமிடத்தில்தான். கதவுப் பள்ளத்துக்காகக் கோபப்படவே இல்லை.

எதிராளி ஏன் இப்படி எழுதினார் என்பது எனக்கு முதலில் புரியவில்லை. முழுக் காப்பீடு வைத்திருப்பவருக்கு, தவறு தன்னுடையதாகவே இருந்தாலும், சொந்தச் சேதக் கிளைமில் பணம் கிடைக்கும். பின்னால் எடுக்கும்போது இடித்துவிட்டேன் என்று உண்மையை எழுதியிருந்தாலே போதும். அப்பாவின் பாலிசியைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்ட் விளக்கியபோதுதான் கணக்கு புரிந்தது. இந்தியாவில் சாதாரண முழுக் காப்பீட்டில், பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் என்று பாதியைக் கழித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அதற்கு மேல், 1500 சிசி வரை உள்ள கார் என்றால் 1,000 ரூபாயும் அதைத் தாண்டினால் 2,000 ரூபாயும் கட்டாயக் கழிவு, அதாவது வண்டிக்காரரே போட்டுக்கொள்ள வேண்டிய தொகை. அவருடைய எஸ்டிமேட்டில் பம்பரும் விளக்கும் சேர்த்து 23,000. அதில் பாதி 11,500, கழிவு 2,000. ஆக 13,500 ரூபாய் அவர் கையிலிருந்து போக வேண்டும். மறுநாள் அவர் போனில் எங்களிடம் கேட்டதும் சரியாக அந்த 13,500 ரூபாய்தான். "நீங்க ஃபாரின்ல இருக்கீங்க, இது உங்களுக்கு ஒரு தொகையா தம்பி?" என்றார்.

கொடுத்துவிடலாம் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அம்மா, "பணம் போனா போகுது, நிம்மதி முக்கியம்" என்றார். நான் மறுத்ததற்கு இரண்டு காரணங்கள். அப்பா இன்னும் வண்டி ஓட்டுகிறார். செய்யாத தவறு அவர் வண்டியின் பேரில் ஒரு கோப்பில் உட்காருவது எனக்குப் பிடிக்கவில்லை. இன்னொன்றை ஏஜென்ட் சொன்னார். பாலிசியின் நிபந்தனைகளில், நிறுவனத்தின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாகச் சொல்லவோ, கொடுக்கவோ கூடாது என்று இருக்கிறது. அப்பாவின் பாலிசியை எடுத்துப் பார்த்தேன். பொடி எழுத்தில் அப்படியே இருந்தது. நான் அனுப்பிய சாரியின் கனம் அப்போதுதான் தெரிந்தது.

அன்று மாலையே சம்பவ இடத்துக்குப் போனேன். எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையின் முகப்பில் கேமரா. கடைக்காரரிடம், "அண்ணே, போன வாரம் இங்கே ஒரு வண்டி இடிச்சது, அந்தப் பதிவு இருக்குமா?" என்று கேட்டேன். "பதினஞ்சு நாள்தான் தம்பி நிக்கும், அப்புறம் அதுவே மேல பதிஞ்சிடும். வாங்க பாப்போம்" என்றார். கடையில் கூட்டம். நகல் எடுக்க வந்தவர்களை மகனிடம் விட்டுவிட்டு, அரை மணி நேரம் என்னோடு உட்கார்ந்து தேடினார். நாங்கள் நிற்பது, அந்த வண்டி பின்னால் வருவது, மோதுவது எல்லாம் பதினெட்டு வினாடிக்குள் தெளிவாக இருந்தது. ஓடிப்போய் ஒரு பென் டிரைவ் வாங்கி வந்தேன். பணம் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். ஊரில் கிடைத்த சேவைகளில் முதல் இடம் யாருக்கு என்று கேட்டால், தயங்காமல் இந்த அண்ணனைத்தான் சொல்வேன்.

ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் கேமராவின் கடிகாரம் ஆறு நிமிடம் முன்னால் ஓடியது. நல்லவேளையாகக் கண் மருத்துவமனையின் மருந்து பில்லில் நேரம் அச்சாகியிருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டேன்.

பதினோராம் நாள் காவல் நிலையம். முதலில் போன இடத்திலிருந்து போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே இருந்த ஒருவர், "ஊருக்குத் திரும்பப் போறீங்க, எதுக்கு சார் அலைச்சல், பேசி முடிச்சுக்கோங்களேன்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் விமான டிக்கெட் இருப்பவன் சீக்கிரம் பணிந்துவிடுவான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நான் புகாரைத் தமிழில் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். வழக்குப் பதிய வேண்டாம், எதிராளி சொல்வது தவறு என்பது பதிவில் இருந்தால் போதும் என்றேன். இன்னொரு பெண் காவலர் படித்துப் பார்த்துவிட்டு, சம்பவம் நடந்த அன்றே ஏன் வரவில்லை என்று கேட்டார். நியாயமான கேள்வி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவின்படி, அடுத்தவர் சொத்துக்குச் சேதம் நேர்ந்தாலே 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எனக்கு அது தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். ஒரு மணி நேரக் காத்திருப்புக்குப் பிறகு சிஎஸ்ஆர் ரசீது கிடைத்தது. எஃப்ஐஆர் போடாமல் புகாரைப் பதிந்துகொண்டதற்கான ரசீது அது. ஒரு ரூபாய் செலவில்லை. உள்ளூரில் அலைய முடியாத முதியவர்கள் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளம் வழியாகவும் புகார் கொடுக்கலாம்.

அப்புறம் எங்கள் காப்பீட்டு நிறுவனம். கிளைம் கேட்கவில்லை, தகவல் மட்டும் தருகிறோம் என்று கடிதம் எழுதி, சிஎஸ்ஆர் நகலையும் வீடியோவையும் சேர்த்துக் கொடுத்தோம். கவுன்ட்டரில் இருந்தவர், "கிளைம் இல்லன்னா எதுக்கு சார் லெட்டர்?" என்று வாங்கத் தயங்கினார். மேலாளரைப் பார்த்த பிறகு முத்திரை குத்தி நகல் கொடுத்தார்கள். பிரிட்டனில், கிளைம் கேட்காவிட்டாலும் சின்ன இடியைக்கூட நம் நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டும் என்று பாலிசியிலேயே இருக்கும். அதன் பிறகு இரண்டு நிறுவனங்களும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும், எதிராளியின் குரலை நாம் கேட்கவே தேவையில்லை. இங்கே சட்டமும் பாலிசியும் ஏறக்குறைய அதையே சொல்கின்றன. நடைமுறையில் எல்லாம் தெருவிலேயே பேசி முடிந்துவிடுவதால், எழுத்தில் தெரிவிப்பவரை வினோதமாகப் பார்க்கிறார்கள்.

அப்பாவின் பெரிய கவலை நோ கிளைம் போனஸ். ஐந்து வருடம் கிளைம் இல்லாமல் ஓட்டி 50 சதவீதம் வரை வந்திருக்கிறார். அந்தத் தள்ளுபடி சொந்தச் சேதப் பிரீமியத்துக்கு மட்டும்தான், நம் வண்டிக்கு நாமே கிளைம் கேட்டால்தான் அது போகும், எதிராளி நம்மீது கேட்பதால் போகாது என்று மேலாளர் பொறுமையாகச் சொன்னார். அப்பா அதை இரண்டு முறை திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

பதின்மூன்றாம் நாள் வக்கீல் நோட்டீஸ் வந்தது. 13,500 ரூபாயோடு மன உளைச்சலுக்கு 25,000. ஏழு நாள் கெடு. என் வாட்ஸ்அப் செய்தியின் படமும் இணைப்பாக இருந்தது. அம்மா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அப்பாவின் நண்பரான வழக்கறிஞர் படித்துவிட்டு, "சாரி சொன்னா இடிச்சதுன்னு அர்த்தம் இல்ல" என்று சொல்லி, பதில் எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நபரின் சொத்துச் சேதத்துக்கு அப்பாவின் பாலிசியில் 7.5 லட்சம் வரை காப்பு இருக்கிறது. உண்மையில் நஷ்டஈடு வேண்டுமானால் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போகட்டும், அங்கே எங்கள் நிறுவனம் பதில் சொல்லும் என்பதுதான் பதிலின் சாரம். கூடவே அவர் ஒன்று சொன்னார். வழக்கு வந்தால் பென் டிரைவ் மட்டும் போதாது, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி, பதிவு அந்தக் கேமராவிலிருந்து எடுத்ததுதான் என்ற சான்றிதழும் வேண்டும். ஜெராக்ஸ் கடை அண்ணன் அதிலும் தயங்காமல் கையெழுத்துப் போட்டார்.

பதினைந்தாம் நாள் விசாரிப்பவர் நேரில் வந்தார். வீடியோவைக் காட்டும் முன்பே அவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். முன்பம்பரில் குனிந்து கையால் தடவினார். கீறல் இல்லை. பக்கவாட்டுப் பள்ளத்தின் உயரத்தை டேப்பால் அளந்து, தன் போனில் இருந்த மற்ற வண்டியின் படத்தோடு ஒப்பிட்டார். "பின்னாடி இருந்து வந்து இடிச்சா முன்னாடிதானே அடி இருக்கணும்? இங்க கதவுல இருக்கு" என்றார். வேறு கேள்வியே வேண்டியிருக்கவில்லை. பிறகு வீடியோவைப் பார்த்தார். கடிகார வித்தியாசத்தைக் கேட்டார், மருந்து பில்லைக் காட்டினேன். அப்பாவின் வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதி, வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். நாற்பது நிமிடம். மோர் மட்டும் குடித்தார். போகும்போது அப்பாவிடம், "நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க அய்யா" என்றார். அன்று இரவு அப்பா நன்றாகத் தூங்கினார்.

பதினேழாம் நாள் வக்கீல் நோட்டீசுக்கான பதிலை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினோம். பத்தொன்பதாம் நாள் நான் விமானம் ஏறினேன். எல்லாக் காகிதங்களையும் ஒரே கோப்பில் போட்டு, மேலே யாருடைய போனை எடுக்க வேண்டும், யாரிடம் எதுவும் பேசக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதி, டிவி பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஏஜென்ட் கூப்பிட்டார். எதிராளி தன் ஃபாரத்தில் இருந்த விவரத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டார், அவருடைய கிளைம் அவருடைய நிறுவனத்திலேயே தேய்மானம் கழித்து முடிந்துவிட்டது என்றார். நோட்டீசுக்கு மேல் வேறு எதுவும் வரவில்லை. எங்கள் கதவுக்கு அப்பா கிளைம் கேட்கவில்லை. பட்டறையில் டிங்கரிங், பெயின்ட் சேர்த்து 3,200 ரூபாய் ஆனது. போட்டோ அனுப்பியிருந்தார். பள்ளம் இருந்த இடம் தெரியவில்லை. பக்கத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார், கையில் கார் சாவியோடு.