வீடியோ கசெட்டை டிஜிட்டலாக்கக் கொடுக்கும் முன் இதை வாசியுங்கள்

மட்டக்களப்பு டவுனில் பழைய வீடியோ கசெட்டுகளை டிஜிட்டலாக மாற்றித் தரும் கடை ஒன்றில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். கடைப் பெயர் வேண்டாம். வேறு யாரும் என்னைப்போல் ஏமாறக்கூடாது, அவ்வளவுதான்.

என் மாமா 1984இல் டொரன்டோ போனவர். டிவியில் வரும் சனிக்கிழமை காலைக் கார்ட்டூன்களை டெக்கில் (கசெட் பதியும், ஓட்டும் பெட்டி) பதிந்து, ஊருக்கு வருகிறவர்களிடம் எங்களுக்குக் கொடுத்து விடுவார். மொத்தம் 11 கசெட். எங்களுக்குக் கார்ட்டூனைவிட இடையில் வரும் பொம்மை விளம்பரங்கள்தான் உயிர். ஹீ-மேன் என்ற வீரன் பொம்மையின் கிரேஸ்கல் கோட்டை வாய் திறக்கும் இடத்தை நானும் தம்பியும் திருப்பித் திருப்பி ஓடவிட்டு, ஒரு நாள் டெக் நாடாவைக் கடித்துவிட்டது. அந்த மடிப்பு இன்றும் இருக்கிறது: கோட்டை வாய் திறக்கும்போது கீழிருந்து மூன்று வெள்ளைக் கோடுகள் மேலே ஏறிப்போகும்.

மொன்றியலில் இருந்த மாமாவின் கூட்டாளி பதிந்து அனுப்பியிருந்தால் இவை கிடைத்திருக்குமோ தெரியாது. மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் குறிவைக்கும் விளம்பரங்களுக்கு 1980 முதல் தடை. அதை எதிர்த்து ஏர்வின் டொய் என்ற பொம்மைக் கம்பனி போட்ட வழக்கும் 1989இல் கனடா உச்ச நீதிமன்றத்தில் தோற்றுப்போனது.

மாமா இறந்த பிறகுதான் இவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியது. கல்லடியில் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. ஈரக்காற்றில் கசெட்டுக்குள் பூஞ்சணம் மாவு தூவியதுபோல் படிந்துவிடும். கசெட்டுக்கு 1,500 ரூபாய் பேசி, 11ஐயும் கொடுத்தேன். “ஒண்டுக்கும் யோசிக்காதீங்க அக்கா, மூண்டு கிழமையில தாறம்” என்றார் கடைக்காரத் தம்பி.

நாலு மாதம் போனது. தந்தது 9 கசெட்டும் ஒரு பென்ட்ரைவும். போட்டுப் பார்த்தால் படம் துள்ளித் துள்ளி ஓடுகிறது. கனடாவில் பதிந்தது டிவி படத்துக்கு 525 வரி (கிடைக்கோடு), செக்கனுக்கு 30 படம். நம் நாட்டு முறை 625 வரி, 25 படம். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமலே மாற்றியிருக்கிறார். அதையாவது பொறுத்திருப்பேன். விளம்பரம் ஒன்றுகூட இல்லை! கேட்டதற்கு, “கார்ட்டூன் மட்டும் பார்க்கத்தானே அக்கா, இடையில வாறதை வெட்டி கிளீனாத் தந்திருக்கன்” என்றார். மற்ற இரண்டு கசெட்டும் பூஞ்சணம் பிடித்து எறிந்துவிட்டதாம்.

சரி, என் பிழை என்று நினைத்து, தெரிந்த ஒருவரிடம் மல்டி சிஸ்டம் டெக் இரவல் வாங்கி, மிஞ்சிய ஒன்பதையும் நானே பதிந்து, விளம்பரங்களை மட்டும் யூடியூபில் போட்டேன். கீழே “பதிந்தவர்: என் மாமா, டொரன்டோ” என்று எழுதினேன். இரண்டு கிழமையில் யூடியூப் வீடியோவைத் தூக்கிவிட்டு, காப்புரிமையை மீறினேன் என்று ஸ்ட்ரைக் (எச்சரிக்கை) தந்தது. முறைப்பாடு செய்தது அந்தக் கடையின் சேனல்! அங்கே போய்ப் பார்த்தால் மூலையில் கடை லோகோவோடு எங்கள் விளம்பரங்கள் வரிசையாக நிற்கின்றன. கிரேஸ்கல் கோட்டை வாய் திறக்கிறது, அதே மூன்று வெள்ளைக் கோடுகள் ஏறுகின்றன. “எறிந்த” கசெட்டில் மட்டுமே இருந்த கேபேஜ் பேட்ச் பொம்மை விளம்பரமும் அங்கே இருந்தது. அன்றிரவு எனக்கு நித்திரையே வரவில்லை.

அந்த விளம்பரங்களுக்கு நான் சொந்தக்காரி இல்லை. உரிமை அதைச் செய்த கம்பனிகளுக்கு. நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி இப்படியான படைப்புகளுக்குப் பாதுகாப்பு 70 வருடம். கம்பனி வந்து எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவேன். ஆனால் கசெட்டைப் போட்டுப் பட்டனை அமத்தியதால் அந்தக் கடைக்கு எந்த உரிமையும் வராது. மாமா பெயரை அழித்துத் தன் லோகோவைக் குத்தினால் அது களவு.

அந்த முறைப்பாடு பிழை என்று யூடியூபுக்கு எதிர் அறிவித்தல் அனுப்பினேன். 10 வேலை நாளுக்குள் கடைக்காரர் வழக்குப் போட்டதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். காட்டவில்லை, வீடியோ திரும்ப வந்தது. கசெட் வரவில்லை.

கொடுக்கத்தான் வேண்டும் என்றால், ஒவ்வொரு கசெட்டையும் லேபல் தெரிய ஃபோட்டோ எடுங்கள். முதுகுப்பக்கம் உள்ள சின்னப் பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிடுங்கள், அப்போது சும்மா மேலே பதிய முடியாது. ரசீதில் “வெட்டாமல் முழுதாக, எங்கும் வெளியிடக்கூடாது” என்று எழுதி வாங்குங்கள். நான் வாங்கியது தொகை மட்டும் எழுதிய துண்டு.

காணாமல்போன இரண்டிலும் நீலப் பேனையால் “சனி காலை 3”, “சனி காலை 7” என்று மாமாவின் சரிந்த எழுத்து இருக்கும். பழைய சாமான் கடையிலோ யார் வீட்டிலோ கண்டால், தயவுசெய்து எனக்கு அறிவியுங்கள்.