ரூட்டர் டேபிள் செய்யக் கொடுப்பவர்களுக்கு: மைக்கா ஒட்டுவதற்கு முன் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள்

வீட்டில் சின்னதாக ஒரு பட்டறை வைத்து மரவேலை செய்கிறவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ரூட்டர் டேபிளுக்கு, அதாவது மரத்தில் காடியும் விளிம்பும் குடையும் ரூட்டர் மெஷினைத் தலைகீழாக மாட்டி ஓட்டும் மேசைக்கு, ஒரு கேபினெட் செய்யச் சொல்லி, கோவையில் ஒரு மாடுலர் ஃபர்னிச்சர் பட்டறையில் 46,000 ரூபாய் கொடுத்தேன். பணம் போனது ஒரு வருத்தம். அதைவிடப் பெரியது, என் வலது கை விரல்கள் போயிருக்கும். அதனால்தான் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்கிறேன்.

வெட்டுவது, இழைப்பது, இணைப்பது எல்லாம் நானே செய்வேன். ஆனால் என்னிடம் டேபிள் ரம்பம் கிடையாது. எட்டுக்கு நாலு ஷீட்டை நூல் பிசகாமல் வெட்ட என் ஷெட்டில் இடமும் இல்லை. பேனல் ரம்பம் வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்தால் மூலைமட்டத்துக்குச் சரியாக வரும் என்று நினைத்தேன்.

படம் வரைந்து கொடுத்தேன். 900 மி.மீ. நீளம், 600 மி.மீ. அகலம், நிற்கும்போது இடுப்பு உயரம். நடுவில் ரூட்டர் தலைகீழாகத் தொங்கும் அறை, இரண்டு பக்கமும் பிட் (ரூட்டரில் மாட்டும் வெட்டு முனை) வைக்க ட்ராயர்கள், பின்னால் தூசி உறிஞ்சிக்கு 100 மி.மீ. துளை, அடியில் பிரேக் வைத்த நான்கு சக்கரம். பெட்டி முழுக்க 18 மி.மீ. மரைன் பிளை, அதாவது ஐஎஸ் 710 தரம். மேல்பலகைக்கு 18 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, மேலும் கீழும் மைக்கா. சுவிட்ச் என்விஆர் வகை, அதாவது கரண்ட் போய் வந்தால் மெஷினைத் தானாக ஓட விடாதது. ரூட்டரைத் தாங்கும் என் அலுமினிய பிளேட்டையும் கையிலேயே கொடுத்து, அதை வைத்தே டெம்ப்ளேட் (அளவு அச்சு) எடுக்கச் சொன்னேன்.

"அதெல்லாம் பக்காவா பண்ணிடலாங்ணா, நீங்க கவலையே படாதீங்க" என்றார் ஓனர். 30,000 ரூபாய் அட்வான்ஸ் போனில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, "பில் போட்டா ஜிஎஸ்டி சேருங்ணா, உங்களுக்குத்தான் வீண் செலவு" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். என் பக்கத்துத் தவறு அங்கேதான் ஆரம்பித்தது.

2024 அக்டோபர் முதல் வாரம் பெட்டி வந்தது. பார்க்க அவ்வளவு அழகு. சாம்பல் நிற மைக்கா, ஓரமெல்லாம் எட்ஜ்பேண்ட், ட்ராயர் வெண்ணெய் போல ஓடியது. மீதி 16,000 ரூபாயையும் அப்போதே கொடுத்துவிட்டேன்.

முதல் குறை பிளேட்டில் தெரிந்தது. பிளேட் உட்காரும் பள்ளத்தை டெம்ப்ளேட் வைத்துக் குடையாமல் ஜிக்ஸாவில் வெட்டி, அதிகமாகப் போன இடத்தில் பட்டி பூசி மறைத்திருந்தார்கள். ஒரு மூலையை அழுத்தினால் எதிர் மூலை தூக்கியது. மர அலமாரியில் இது பெரிய குறையில்லை. ரூட்டர் டேபிளில் பெரிய குறை. பலகையைத் தள்ளிக்கொண்டு போகும்போது பிளேட்டின் விளிம்பில் தட்டி நின்றால், கை தன்னையறியாமல் அழுத்தம் கூட்டும். பிட் நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுழன்றுகொண்டிருக்கும். பட்டியைச் சுரண்டி எடுத்து, அடியில் தகடு வைத்து நானே சமன் செய்துகொண்டேன்.

அப்புறம் மழை பிடித்தது. மகளின் படிப்பு மேசைக்கு ட்ராயர் செய்தபோது, அடிப்பலகை செருகும் காடி இரண்டு முனையிலும் 6 மி.மீ. ஆழம் இருந்தது, நடுவில் அவ்வளவு இல்லை. பிட் நழுவுகிறது என்று நினைத்து, அதைப் பிடித்திருக்கும் காலெட்டைத் திரும்பத் திரும்ப இறுக்கிப் பார்த்தேன். கடைசியில் மேல்பலகை மீது இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை விட்டால், நடுவில் ஒன்றரை மி.மீ. பள்ளம். பலகை பள்ளத்தின் மேலே பாலம் போல நின்றுவிடுகிறது, பிட் எட்டவில்லை.

டேபிளுக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. 36 மி.மீ. பலகை என்று நான் நம்பியது ஒற்றை 18 மி.மீ. எம்டிஎஃப். ஓரத்தைச் சுற்றி மட்டும் இரண்டு அங்குலப் பட்டை ஒட்டி, எட்ஜ்பேண்ட் போட்டு, தடிமன் இருப்பது போலக் காட்டியிருந்தார்கள். கீழ்ப்பக்கம் மைக்காவே இல்லை. மேலே மட்டும் மைக்கா இருந்தால் கீழ்ப்பக்கம் மழைக்கால ஈரத்தை இழுத்து விரியும், மேல்பக்கம் விரியாது, பலகை தட்டு போல வளையும். அந்த ஒல்லிப் பலகையின் நடுவில் ஐந்தரை கிலோ ரூட்டர் வேறு தொங்குகிறது.

இதற்குள் பெட்டியைச் சுவரோரம் தள்ளும்போது முன் வலது சக்கரம் ஸ்க்ரூவோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. ஸ்க்ரூ இருந்த இடத்தில் பிளையின் நடு அடுக்குகளுக்கிடையே விரல் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி. ஒரு ரூபாய்க் காசால் பக்கப்பலகை முழுக்கத் தட்டிப் பார்த்தேன். பல இடத்தில் சத்தம் பொள்ளென்று வந்தது. அடித்தட்டில் ஒரு துண்டு வெட்டி எடுத்துப் பழைய குண்டானில் போட்டுக் கொதிக்க வைத்தேன். ஐஎஸ் 710 பிளை என்றால் 72 மணி நேரம் கொதித்தாலும் ஒட்டு விடக்கூடாது, சோதனையே அப்படித்தான். என் துண்டு இரண்டு மணி நேரத்தில் அடுக்கடுக்காகப் பிரிந்து மிதந்தது. ட்ராயருக்குப் பின்னால் மைக்கா ஒட்டாத ஒரு இடத்தில் ஐஎஸ் 710 என்று அச்சும் இருந்தது. ஆனால் ஐஎஸ்ஐ முத்திரையோடு இருக்க வேண்டிய சிஎம்/எல் உரிம எண் எங்கேயும் இல்லை. அந்த எண் இருந்தால் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டு யாருக்குக் கொடுத்த உரிமம், இன்னும் செல்லுமா என்று பார்த்துவிடலாம். எண் இல்லாத முத்திரையை எவரும் அச்சடிக்கலாம்.

இனி சொல்வதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு நடுங்குகிறது. நவம்பரில் ஒரு சாயங்காலம் வேலையின் நடுவில் கரண்ட் போனது. பிட்டைச் சுற்றி அடைத்திருந்த மரத்தூளைத் தள்ளலாம் என்று பிரஷ் எடுத்துக் கையை நீட்டினேன். கரண்ட் வந்துவிட்டது. ரூட்டர் முழு வேகத்தில் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. பிட்டுக்கும் என் விரலுக்கும் இரண்டு அங்குலம்தான் இருந்தது. என்விஆர் சுவிட்ச் கேட்டதே இதற்குத்தான். கரண்ட் போனால் அது விழுந்துவிடும், பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தினால்தான் மெஷின் ஓடும். அவர்கள் மாட்டியிருந்தது வீட்டில் ஃபேனுக்குப் போடும் 6 ஆம்பியர் சுவிட்ச். என் ரூட்டர் 1650 வாட், 230 வோல்ட்டில் ஏழு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கழற்றிப் பார்த்தால் உள்ளே பிளாஸ்டிக் கருகியிருந்தது. அன்றைக்குத் தவறை நான் கவனித்ததும் தப்பித்ததும் கடவுள் செயல். கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்காமல் கை வைத்தது என் தப்பு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். இப்போது பிடுங்காமல் கையைக் கிட்டே கொண்டுபோவதில்லை.

ரூட்டர் அறைக்குக் காற்றுத் துளையும் விட்டிருக்கவில்லை. மோட்டார் காற்றை இழுத்துத்தான் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். மூடிய பெட்டிக்குள் அதே சூட்டுக் காற்றைத் திரும்பத் திரும்ப இழுத்தது. தூசி உறிஞ்சியும் காற்று உள்ளே வர வழியில்லாமல் இழுக்கத் திணறியது. கதவில் நானே துளை போட்டபிறகு இரண்டும் சரியாயின.

படங்களோடு பட்டறைக்குப் போனேன். "ஒன்றரை மாசம் ஓட்டிட்டு இப்ப வந்து சொன்னா எப்படிங்ணா? தண்ணி பட்டிருக்கும்" என்றார் ஓனர். பிரிந்த பிளையைக் காட்டினேன். "பிளை டெப்போல குடுத்ததுதானுங்க, நாங்க என்ன பண்றது?" உரிம எண் கேட்டேன். வாட்ஸப்பில் வேறு ஏதோ ஷீட்டின் படம் வந்தது. அதற்குப் பிறகு என் நம்பரைத் தடுத்துவிட்டார்.

எல்லாக் குறையும் மைக்காவுக்கும் எட்ஜ்பேண்டுக்கும் அடியில்தான் இருந்தது. அதனால் இப்படி ஒன்று செய்யக் கொடுக்கிறவர்கள், பெட்டி பச்சையாக, பிளையும் ஒட்டும் கண்ணுக்குத் தெரிகிற நிலையில் இருக்கும்போதே போய்ப் பார்ப்பதாகப் பணம் கொடுக்கும் முன் பேசிக்கொள்ளுங்கள். அந்த நாளில் இரண்டாவது தவணை, வீட்டுக்கு வந்து மெஷினை மாட்டி ஓட்டிப் பார்த்த பிறகு மீதி. ஷீட்டிலுள்ள உரிம எண்ணை வெட்டுவதற்கு முன்பே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மேல்பலகையின் கீழ்ப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். சுவிட்சை மட்டும் யாரிடமும் விடாதீர்கள், நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ஓட்டிக்கொண்டிருக்கும்போது மெயினை அணைத்துப் போட்டால் மெஷின் தானாக எழக்கூடாது. மறக்காமல் பில் வாங்குங்கள். ஜிஎஸ்டியில் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு எனக்குப் போய்விட்டது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன், பதில் வரவில்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பியாயிற்று, அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. பில் இல்லாததால் பணம் அனுப்பிய பதிவும், வாட்ஸப்பில் அவர் "ஓகேங்ணா" என்று ஒத்துக்கொண்ட என் வரைபடமும்தான் கையில் இருக்கும் சாட்சி.

புது மேல்பலகையை இந்த முறை நானே இரண்டு எம்டிஎஃப் ஒட்டிச் செய்துவிட்டேன். இரண்டு பக்கமும் மைக்கா போட்டிருக்கிறேன். பழைய பலகையையும் கருகிய சுவிட்சையும் கொதிக்க வைத்த பிளைத் துண்டையும் பின்னால் தேதி எழுதி, ஒரு சாக்கில் கட்டிப் பரணில் வைத்திருக்கிறேன். கோவையில் யாராவது இப்படி ஆர்டர் கொடுக்கப் போவதாக இருந்தால் வாருங்கள், பிரித்துக் காட்டுகிறேன்.